கடலுக்கடியில் வெடி விதைத்த ‘நண்டு’: குமரிக் கடலுக்கும் இந்தக் கதைக்கும் என்ன தொடர்பு?

எம்டன் என்றால் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைக் குண்டு வீசிக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் போர்க்கப்பல். ‘அவன் பெரிய எம்டன்’ என்று இன்றைக்கும் பேச்சுவழக்கில் உட்கார்ந்திருக்கிறது அந்தப் பெயர். ஆனால் அதற்கு இரண்டரை ஆண்டுகள் கழித்து குமரி முனைக்கே வந்த இன்னொரு ஜெர்மன் கப்பலைப் பற்றி குமரி மாவட்டத்திலேயே பெரிதாகப் பேச்சு இல்லை. காரணம் எளிது. அது ஒரு குண்டுகூட வீசவில்லை. சத்தமே போடாமல் வந்தது, கடலில் எதையோ இறக்கியது, போய்விட்டது.

அந்தக் கப்பலின் பெயர் ‘வோல்ஃப்’. ஜெர்மன் மொழியில் ஓநாய்.

1917 பிப்ரவரி. கன்னியாகுமரி அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. தமிழ்நாட்டோடு சேர இன்னும் 39 ஆண்டுகள் பாக்கி. கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே பிப்ரவரி 15-ம் தேதி இருட்டில் கண்ணிவெடிகளை இறக்கிய வோல்ஃப், பம்பாய்க்குப் போகும் வழியில் குமரி முனைக்கு அப்பாலும் கொஞ்சத்தை இறக்கியது. பார்வைக்கு அது சாதாரண சரக்குக் கப்பல். உண்மையிலேயே சரக்குக் கப்பலாகத்தான் கட்டப்பட்டது. பெரிய பீரங்கிகள் எல்லாம் மடக்குப் பலகைகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தன. 400-க்கும் மேற்பட்ட கண்ணிவெடிகள் உள்ளே இருந்தன. உளவு பார்க்க ஒரு சின்ன கடல் விமானம் வேறு. அதற்குச் செல்லப்பெயர் ‘ஓநாய்க்குட்டி’.

பிப்ரவரி 17: கொழும்புக்கு வெளியே ‘வொர்செஸ்டர்ஷயர்’ என்ற பிரிட்டிஷ் கப்பல் வெடியில் சிக்கி மூழ்கியது. பிப்ரவரி 21: ‘பெர்சியஸ்’. அதற்குள் வோல்ஃப் எங்கேயோ போய்விட்டது. பம்பாய்க்கு வெளியே வைத்த வெடிகளில் ‘மங்கோலியா’ என்ற பயணிகள் கப்பல் சிக்கியது ஜூன் 23-ம் தேதி. அதாவது வெடி வைத்து நான்கு மாதம் கழித்து.

இங்கேதான் ஒரு கேள்வி. முதல் உலகப் போர் என்றாலே ஜெர்மனியின் நீர்மூழ்கிகள்தான் நினைவுக்கு வரும். யாருக்கும் தெரியாமல் எதிரித் துறைமுக வாசலில் வெடி வைக்க வேண்டும் என்றால், நீர்மூழ்கிதானே சரியான ஆள்? ஏன் ஒரு சரக்குக் கப்பலுக்கு வேஷம் கட்டி, ஆப்பிரிக்காவைச் சுற்றி, இவ்வளவு தூரம் அனுப்பினார்கள்?

பதில்: கண்ணிவெடி வைக்கும் நீர்மூழ்கி என்ற பொருளே அப்போது பிறந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. அது எப்படிப் பிறந்தது என்பது தனிக் கதை.

முதலில், கடல் கண்ணிவெடி எப்படி வேலை செய்கிறது?

நிலத்தில் புதைக்கும் கண்ணிவெடி போல இது அடியில் கிடப்பதில்லை. அந்தக் காலத்து வகை, ஒரு பெரிய இரும்புப் பந்து. உள்ளே வெடிமருந்தோடு காற்றும் இருப்பதால் மிதக்கப் பார்க்கும். ஆனால் கீழே ஒரு கனமான நங்கூரம் கம்பி வடத்தால் அதைப் பிடித்து வைத்திருக்கும். தண்ணீர் மட்டத்துக்குச் சில மீட்டர் கீழே, கண்ணுக்குத் தெரியாமல், பட்டம் போல நின்றுகொண்டிருக்கும்.

பந்தின் மேல் கொம்பு கொம்பாக நீட்டிக்கொண்டிருக்குமே, அதுதான் விசை. கொம்பு மெல்லிய ஈயத்தால் ஆனது. உள்ளே ஒரு கண்ணாடிக் குப்பியில் அமிலம். கப்பல் இடித்தால் கொம்பு வளையும், குப்பி உடையும், அமிலம் கீழே இருக்கும் மின்கலத்தில் இறங்கும், மின்சாரம் பிறக்கும், வெடிக்கும். பேட்டரி தீர்ந்துபோகும் பிரச்சினையே இல்லை. இடிக்கும் வரை அது பேட்டரியாகவே இருக்காது. எத்தனை மாதமானாலும் காத்திருக்கும். யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் கொடூரமான புத்திசாலித்தனம்.

நங்கூரம் போட வேண்டும் என்பதால் ஆழம் குறைந்த கடல் தேவை. குமரிக்குத் தெற்கே கடலடித் திட்டு அகலமாக விரிந்து கிடக்கிறது. வாட்ஜ் பேங்க் என்று செய்திகளில் அடிபடும் மீன்வளம் கொழிக்கும் பகுதி அங்கேதான் இருக்கிறது. மீனுக்கு ஏற்ற அதே ஆழக்குறைவு வெடிக்கும் ஏற்றது என்பதுதான் சோகம். அதற்கும் தெற்கே, கொழும்புக்கும் ஏடனுக்கும் போகிற பெரிய கப்பல் தடம். வோல்ஃப் கேப்டன் கார்ல் நெர்கர் வரைபடத்தில் விரல் வைத்த இடத்தில் தப்பே இல்லை.

போர்ட் ஆர்தரில் தொடங்கிய யோசனை

1904. ரஷ்யாவுக்கும் ஜப்பானுக்கும் போர். இன்றைய சீனாவில் இருக்கும் போர்ட் ஆர்தர் துறைமுகத்தில் ரஷ்யக் கடற்படை முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. ஏப்ரல் 13-ம் தேதி ரஷ்ய அட்மிரல் மக்கரோவ் சென்ற ‘பெட்ரோபாவ்லோவ்ஸ்க்’ போர்க்கப்பல், ஜப்பானியர் இரவில் வைத்துவிட்டுப் போன கண்ணிவெடியில் மோதி நொடிகளில் சிதறியது. அட்மிரலோடு 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த மாதமே ரஷ்யர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். ‘அமுர்’ என்ற கப்பல் வைத்த வெடிகளில் ஒரே நாளில் ஜப்பானின் இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் காலி.

இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தவர் மிக்கயில் நலியோதவ். கடற்படை அதிகாரி இல்லை, ரயில்வேப் பணியில் இருந்த தொழில்நுட்பர். அவருக்கு ஒரு எளிய கேள்வி வந்தது. வெடி வைக்கும் கப்பல் இருட்டுக்கும் பனிமூட்டத்துக்கும் காத்திருக்க வேண்டியிருக்கிறது. பார்த்துவிட்டால் எதிரி அந்த இடத்தைத் தவிர்த்துவிடுவான், இல்லையென்றால் துழாவி எடுத்துவிடுவான். கடலுக்கடியிலேயே போய் வைத்துவிட்டு வந்தால்?

முற்றுகைக்குள்ளேயே சொந்த முயற்சியில் ஒரு சின்ன நீர்மூழ்கி கட்டத் தொடங்கினார். கோட்டை சரணடையப்போகிறது என்று தெரிந்ததும் எதிரி கையில் சிக்கக் கூடாது என்று அது அழிக்கப்பட்டது. அத்தோடு விட்டிருக்கலாம். மனிதர் விடவில்லை. ஊர் திரும்பி, கடற்படை அமைச்சகத்துக்குத் திட்டம் அனுப்பினார். திருத்தச் சொன்னார்கள். திருத்தி அனுப்பினார். மறுபடி திருத்தச் சொன்னார்கள். இப்படியே நான்கு வடிவங்கள். அரசு அலுவலகத்தில் ஃபைல் நகர்த்திய அனுபவம் உள்ளவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கடைசியில் கருங்கடல் ஓரத்து நிக்கோலாயவ் கப்பல்தளத்தில் வேலை தொடங்கியது. 1912-ல் கப்பல் தண்ணீரில் இறங்கியது. பெயர் ‘கிராப்’. தமிழில் நண்டு.

எடை என்ற தலைவலி

இந்த ‘நண்டு’ ஏன் அவ்வளவு சிக்கலான கப்பல்? இதைப் புரிந்துகொள்ள நீர்மூழ்கியின் அடிப்படை ஒன்று தெரிந்தால் போதும். மூழ்கியிருக்கும் நீர்மூழ்கி ஒரு தராசு. அதன் எடையும், அது விலக்கும் தண்ணீரின் எடையும் கிட்டத்தட்ட சமமாக இருக்க வேண்டும். கொஞ்சம் எடை குறைந்தால் மேலே வந்து முகத்தைக் காட்டிவிடும், கூடினால் கீழே போய்விடும்.

இப்போது அதன் வயிற்றிலிருந்து 60 கண்ணிவெடிகளை ஒன்றன்பின் ஒன்றாக வெளியே தள்ளுங்கள். ஒவ்வொரு வெடி போகும்போதும் பின்பக்கம் லேசாகிக்கொண்டே வரும். எதிரித் துறைமுக வாசலில், பாதி வேலையில், கப்பல் வாலைத் தூக்கிக்கொண்டு மேலே வந்து நின்றால் கதை முடிந்தது.

நலியோதவ் தந்த விடைதான் இந்தக் கதையின் நிஜ கண்டுபிடிப்பு. வெடியையே, நங்கூரத்தோடு சேர்த்து, தண்ணீரில் எடையே இல்லாத மாதிரி வடிவமைத்தார். அதாவது மிதக்கவும் செய்யாது, மூழ்கவும் செய்யாது. வெடிகள் இருக்கும் இரண்டு நீண்ட குழாய்களிலும் கடல்நீர் நிறைந்திருக்கும். ஒரு வெடி வெளியே போனால் அதன் இடத்தில் அதே அளவு கடல்நீர் வந்து உட்காரும். தராசு அசையாது. வெளியே விழுந்த வெடியின் நங்கூரத்துக்குள் மெதுவாகத் தண்ணீர் புகும். கனத்த நங்கூரம் அடிக்குப் போகும், பந்து தனியே பிரிந்து மேலே எழும். அதற்குள் கப்பல் பாதுகாப்பான தூரம் நகர்ந்திருக்கும். வெடிகளைப் பின்னுக்குத் தள்ள மின்மோட்டாரில் ஓடும் சங்கிலி ஏற்பாடு. இன்றைய விமான நிலையத்தில் பெட்டி வருகிற பெல்ட்டை நினைத்துக்கொள்ளலாம்.

காகிதத்தில் எல்லாம் அருமை. கடலில் அப்படி இல்லை. தண்ணீருக்கு மேலே ஓட மண்ணெண்ணெய் எஞ்சின்கள். மூழ்குவதற்கு நேரம் பிடித்தது. சமநிலை சரிசெய்யப் பல மாதங்கள் இழுத்தது. கட்டியவர்களுக்கும் வடிவமைத்தவருக்கும் ஒத்துப்போகவில்லை; நலியோதவ் தன் சொந்தக் கப்பலிலிருந்தே ஓரங்கட்டப்பட்டார். ஒப்பந்தம் போட்ட ஆண்டிலிருந்து சேவையில் சேரும் வரை கணக்குப் பார்த்தால் சுமார் ஏழு ஆண்டுகள்.

அந்தத் தாமதத்தின் விலை என்ன தெரியுமா? ‘உலகில் முதன்முதலில் கண்ணிவெடி வைத்த நீர்மூழ்கி’ என்ற பெயர் கையை விட்டுப் போனது. போர் தொடங்கியபின், 1914 நவம்பரில் ஜெர்மனி இதே வேலைக்குச் சின்னச் சின்ன நீர்மூழ்கிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. ‘யு.சி.’ வகை. சுமார் 170 டன், 14 பேர், 12 வெடிகள். ஆடம்பரம் எதுவும் கிடையாது. கப்பலின் முன்பகுதியில் ஆறு சாய்வான குழாய்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு வெடி, விசையை இழுத்தால் கீழே விழும். அவ்வளவுதான். சில மாதங்களில் கட்டி முடித்து, 1915 மே 31-ல் யு.சி.-11 இங்கிலாந்துக் கரையோரம் முதல் வெடிகளை வைத்துவிட்டது. ரஷ்யாவின் ‘நண்டு’ தன் முதல் பயணத்துக்குக் கிளம்பியது ஜூலையில்.

பத்து ஆண்டு யோசித்தவர் இரண்டாவது வந்தார். ஸ்டார்ட்-அப் உலகில் இருப்பவர்களுக்கு இது பழகிய வலி.

‘நண்டு’ சாதித்தது என்ன?

முதல் பயணத்திலேயே தன் மதிப்பைக் காட்டியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1915 ஜூலை 10-ம் தேதி, துருக்கியின் பாஸ்பரஸ் நீரிணை வாசலில் வெடிகளை வரிசையாக வைத்தது. அடுத்த வாரம், ஜூலை 18-ல், கருங்கடலில் ரஷ்யர்களை ஆட்டிப்படைத்துக்கொண்டிருந்த ‘பிரெஸ்லாவ்’ போர்க்கப்பல் அந்தப் பகுதி வெடியில் மோதியது. மூழ்கவில்லை. ஆனால் பல மாதங்கள் பழுதுபார்ப்பில் படுத்துவிட்டது. ஒரு கப்பல் இல்லாமல் போவதும், துறைமுகத்தில் முடங்கிக் கிடப்பதும் போரில் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அடுத்த ஆண்டு இன்னும் சில பயணங்கள் போனது. பிறகு ரஷ்யாவில் புரட்சி, உள்நாட்டுப் போர். 1919-ல் செவஸ்தோபோலை விட்டு வெளியேறிய நேசநாட்டுப் படைகள் வேறு பல நீர்மூழ்கிகளோடு இதையும் மூழ்கடித்தன. 1930-களில் மேலே தூக்கிப் பார்த்தார்கள்; சரிசெய்து பயனில்லை என்று உடைத்துவிட்டார்கள். நலியோதவ் 1938-ல் லெனின்கிராடில் காலமானார்.

‘நண்டு’ தனி ஒரு கப்பலாக முடிந்துபோனாலும், இந்த வகை நீர்மூழ்கிகள் செய்த வேலையின் தடம் பெரியது. 1916 ஜூனில் பிரிட்டனின் போர் அமைச்சர் கிச்சனர் பிரபு சென்ற ‘ஹாம்ப்ஷயர்’ கப்பல், யு-75 நீர்மூழ்கி வைத்த வெடியில் மூழ்கியது. பிழைத்தவர்கள் 12 பேர் மட்டுமே. கிச்சனர் அதில் இல்லை. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு வரை இந்தியப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்தவர் அவர். அதே ஆண்டு நவம்பரில் டைட்டானிக்கின் தங்கைக் கப்பல் ‘பிரிட்டானிக்’, மருத்துவமனைக் கப்பலாக ஓடிக்கொண்டிருந்தபோது, யு-73 வைத்த வெடியில் மோதி ஏஜியன் கடலில் மூழ்கியது.

இனி தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வரலாம். 170 டன் எடையும் 12 வெடியும் உள்ள குட்டி நீர்மூழ்கி வட கடலைத் தாண்டி எங்கே போகும்? குமரிக்கு வந்து சேர்வதற்குள் எண்ணெயும் தீர்ந்துவிடும், ஆளும் தீர்ந்துவிடுவார்கள். தூரம் போக வேண்டும், நூற்றுக்கணக்கில் வெடி வேண்டும், மாதக்கணக்கில் கரை தொடாமல் இருக்க வேண்டும் என்றால் 1917-ல் வேஷம் போட்ட சரக்குக் கப்பல்தான் வழி. வோல்ஃப் 451 நாட்கள் எந்தத் துறைமுகத்தையும் தொடாமல் சுற்றியது. 1918 பிப்ரவரியில் ஜெர்மனி திரும்பியபோது அதன் அடித்தளத்தில் நானூற்றுக்கும் மேற்பட்ட கைதிகள் இருந்தார்கள்.

போர்க்கப்பலுக்கு வைத்தது யாருக்குப் போய்ச் சேர்ந்தது?

வோல்ஃப் கதையை ‘செம கெத்து’ என்று ரசிப்பவர்கள் உண்டு. மேலே சொன்ன கொழும்பு, பம்பாய் பலிகளைத் திரும்பப் பாருங்கள். ஒன்றுகூடப் போர்க்கப்பல் இல்லை. தென்னாப்பிரிக்காவுக்கு வெளியே அது வைத்த வெடியில் 1917 மே மாதம் மூழ்கியது ஒரு ஸ்பெயின் பயணிகள் கப்பல். ஸ்பெயின் அந்தப் போரிலேயே இல்லை. 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1918 ஜூன் 26-ல் நியூஸிலாந்துக்கு வடக்கே ‘விம்மெரா’ என்ற பயணிகள் கப்பல் வெடித்து 26 பேர் இறந்தார்கள். தேதியைக் கவனித்தீர்களா? வோல்ஃப் ஊர் திரும்பி, வரவேற்பும் பதக்கமும் வாங்கி, நான்கு மாதம் ஆகியிருந்தது. வைத்தவன் வீட்டில் இருக்கிறான். வைத்தது இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

இதில் மீனவர்களின் பங்கும் உண்டு, பெரும்பாலான போர்க் கதைகளில் அது வருவதில்லை. நலியோதவ் பார்த்த அதே ரஷ்ய-ஜப்பான் போர் முடிந்தபின், வடம் அறுந்து மிதந்து திரிந்த வெடிகளில் சிக்கிச் செத்தவர்கள் யார்? 1907-ல் ஹேக் நகரில் நடந்த சர்வதேச மாநாட்டில் சீனப் பிரதிநிதிகள் எழுந்து சொன்ன கணக்கு: மீன்பிடியிலும் கரையோர வணிகத்திலும் இருந்த 500 முதல் 600 சீனர்கள். அவர்கள் நாடு அந்தப் போரில் ஒரு தரப்பே இல்லை. அந்த மாநாட்டில்தான் கடல் கண்ணிவெடிக்கென்று முதல் சர்வதேச விதிகள் எழுதப்பட்டன. வடம் அறுந்தால் வெடி தானாகச் செயலிழக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. விதி இன்றும் இருக்கிறது. 2022 மார்ச் மாதம், உக்ரைன் போர் தொடங்கிய சில வாரங்களில், மிதந்து வந்த கண்ணிவெடி ஒன்று பாஸ்பரஸ் நீரிணையில் கண்டுபிடிக்கப்பட்டு, கப்பல் போக்குவரத்தே நிறுத்தப்பட்டது. 107 ஆண்டுகளுக்கு முன் ‘நண்டு’ வெடி வைத்த அதே வாசல்.

திருகோணமலையிலிருந்து கிளம்பியது திரும்பவில்லை

இரண்டாம் உலகப் போருக்குள் நீர்மூழ்கிகள் வளர்ந்துவிட்டன. பிரிட்டன் 1930-களில் ‘போர்பஸ்’ என்ற வகையைக் கட்டியது. மேல்தளத்துக்கு அடியில் தண்டவாளம், அதில் 50 வெடிகள், சங்கிலி இழுக்க இழுக்க வாலிலிருந்து ஒவ்வொன்றாக விழும். நலியோதவின் யோசனை வேறு உடையில்.

இந்த வகையின் முதல் கப்பலான எச்.எம்.எஸ். போர்பஸ் 1945 ஜனவரியில் திருகோணமலையிலிருந்து கிளம்பியது. இலக்கு, ஜப்பானியர் கையில் இருந்த பினாங்கு. ஜப்பான், ஜெர்மனி இரு நாட்டு நீர்மூழ்கிகளுக்கும் தளமாக இருந்த துறைமுகம் அது. வெடிகளை வைத்துவிட்டதாகச் செய்தி வந்தது. அதற்குப் பிறகு எந்தச் செய்தியும் வரவில்லை. அந்தப் போரில் எதிரியிடம் பிரிட்டன் இழந்த கடைசி நீர்மூழ்கி அதுதான்.

போருக்குப் பிறகு இந்தத் தனி வகைக் கப்பலே தேவையில்லாமல் போனது. டார்பிடோ குழாயிலேயே போடும்படி வெடிகளை நீள உருளையாகச் செய்துவிட்டார்கள். இப்போது எந்த நீர்மூழ்கியும் வெடி வைக்கும் நீர்மூழ்கிதான். இந்தியாவிடம் இருக்கும் ரஷ்யத் தயாரிப்பான சிந்துகோஷ் வகை, டார்பிடோக்களுக்குப் பதிலாக 24 கண்ணிவெடிகளை ஏற்றிச் செல்லும்படி வடிவமைக்கப்பட்டது.

குமரிக்குத் தெற்கே போன ‘காஸி’

2017-ல் வந்த ‘காஸி’ படம் பார்த்தவர்களுக்கு அடுத்த பெயர் புதிதில்லை. பாகிஸ்தானின் பி.என்.எஸ். காஸி. அமெரிக்காவில் ‘டயாப்லோ’ என்ற பெயரில் இரண்டாம் உலகப் போரின் கடைசியில் கட்டப்பட்டு, 1960-களில் பாகிஸ்தானுக்கு வந்தது. கண்ணிவெடி வைக்கும் வசதியும் அதில் இருந்தது.

1971 நவம்பர் 14-ல் கராச்சியிலிருந்து புறப்பட்டது. தேடிப் போனது இந்தியாவின் ஒரே விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தை. வங்கக் கடலுக்குப் போக வேண்டும். பாக் நீரிணை நீர்மூழ்கி போகிற ஆழமில்லை. ஆகவே குமரிக்குத் தெற்கே, இலங்கையைச் சுற்றித்தான் வழி. அந்த நவம்பரில் எந்த ராத்திரியிலோ குமரிக் கடலின் தெற்கே அது கடந்து போயிருக்கிறது.

விக்ராந்த் அதற்குள் சென்னையை விட்டு அந்தமான் பக்கம் போய் ஒளிந்துகொண்டது. விசாகப்பட்டினத்தில் ஐ.என்.எஸ். ராஜ்புத் என்ற பழைய கப்பல், விக்ராந்த் அங்கேயே இருப்பதுபோல வயர்லெஸ் செய்திகளைக் கொட்டி ஏமாற்றியது. டிசம்பர் 3-ம் தேதி நள்ளிரவு தாண்டி விசாகப்பட்டினத்துக்கு வெளியே ஒரு பெரும் வெடிப்பு. காஸியோடு 90-க்கும் மேற்பட்டோர் மூழ்கினார்கள்.

என்ன நடந்தது என்பதில் இரண்டு கதைகள் இன்றும் ஓடுகின்றன. ராஜ்புத் போட்ட ஆழ்கடல் குண்டுகள்தான் காரணம் என்பது இந்தியத் தரப்பு. தானே வைத்த அல்லது வைத்துக்கொண்டிருந்த வெடியே வெடித்தது என்பது பாகிஸ்தான் தரப்பு. இரண்டாவது கதை நம்ப முடியாதது இல்லை. முதல் உலகப் போரில் ஜெர்மனியின் யு.சி. வகை நீர்மூழ்கிகளில் சில, தாங்களே வைத்த வெடிகளில் அழிந்தன. வெடி வைக்கும் நீர்மூழ்கிக்கு முதல் ஆபத்து எதிரி இல்லை, அதன் சொந்தச் சரக்குதான்.

காஸி மூழ்கிய செய்தி உறுதியானதில் விசாகப்பட்டின மீனவர்களுக்குப் பங்கு உண்டு. மிதந்த பொருட்களைக் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான். 2024-ல் இந்தியக் கடற்படையின் ஆழ்கடல் மீட்புக் கலம் சிதைவுகளை மறுபடி கண்டறிந்தது. இறந்தவர்களின் கல்லறையாக மதித்து அதைத் தொடாமல் விட்டிருக்கிறார்கள்.

இன்று ஏன் இதைப் பேச வேண்டும்?

1917-ல் குமரிக்குத் தெற்கே இருந்த கப்பல் தடம் இன்றும் அங்கேயேதான் இருக்கிறது, பல மடங்கு நெரிசலோடு. அந்தத் தடத்திலிருந்து சுமார் 10 கடல்மைல் தூரத்தில், குமரி மாவட்ட எல்லையைத் தாண்டினால் விழிஞ்ஞம் துறைமுகம். 2025 மே மாதம் பிரதமர் திறந்து வைத்தது. கிழக்கே கூடங்குளம், தூத்துக்குடி. நெல்லை மாவட்டம் விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன்: மூழ்கியிருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் கடற்படையின் வானொலி நிலையம், 1990-லிருந்து.

இவ்வளவும் இருக்கும் கடலில், ஒரு துறைமுகத்தை மூட இரண்டு மூன்று வெடிகள் போதும். உண்மையில் வெடியே தேவையில்லை. ‘வைத்திருக்கிறார்கள்’ என்ற சந்தேகம் போதும். காப்பீட்டுக் கட்டணம் ஏறும், கப்பல்கள் வேறு வழி போகும். துழாவிப் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று சொல்ல ஆள் வேண்டும்.

அந்த ஆள் இப்போது இல்லை என்பதுதான் பிரச்சினை. இந்தியக் கடற்படையின் கண்ணிவெடி அகற்றும் கப்பல்கள் சோவியத் காலத்து பாண்டிச்சேரி வகை. ஒவ்வொன்றாக ஓய்வு பெற்று, 2019-க்குள் கடைசிக் கப்பலும் போய்விட்டது. புதிதாகக் கட்ட கோவா கப்பல்தளமும் தென்கொரிய நிறுவனம் ஒன்றும் பேசிய திட்டம் ஆண்டுக்கணக்கில் இழுத்து, 2018-ல் கைவிடப்பட்டது. நலியோதவ் உயிரோடு இருந்திருந்தால் சிரித்திருப்பார். 2025 ஜூலை 3-ம் தேதிதான் பாதுகாப்புக் கொள்முதல் குழு, கண்ணிவெடி எதிர்ப்புக் கப்பல்கள் வாங்க முதற்கட்ட ஒப்புதல் கொடுத்தது. அதே பட்டியலில் புதிய கண்ணிவெடிகள் வாங்கவும் ஒப்புதல் இருந்தது.

இவை சாதாரண கப்பல்கள் இல்லை. இரும்பு உடம்பு இருந்தால் காந்த உணர்வுள்ள வெடிகள் விழித்துக்கொள்ளும். ஆகவே கண்ணாடியிழையில் கட்ட வேண்டும், எஞ்சின் சத்தம் அடங்கியிருக்க வேண்டும். முதற்கட்ட ஒப்புதலுக்கும் கப்பல் கடலில் இறங்குவதற்கும் நடுவே டெண்டர், ஒப்பந்தம், கட்டுமானம், சோதனை என்று ஆண்டுகள் கிடக்கின்றன.

அதுவரை குமரிக் கடலின் அடியில் என்ன கிடக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வது விசைப்படகின் மடிவலைதான். 2025 மே மாதம் கொச்சிக்கு வெளியே ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ சரக்குக் கப்பல் மூழ்கியபோது, அதிலிருந்த பிளாஸ்டிக் குருணைகள் குமரிக் கரைக்கு வந்து ஒதுங்கியதை ஊரே பார்த்தது. அது குருணை, கையால் அள்ளினார்கள். வலையில் அடையாளம் தெரியாத கனமான உலோகப் பொருள் ஏறினால் கையை வைக்கக் கூடாது, படகில் ஏற்றக் கூடாது, கரைக்கு இழுத்து வரவும் கூடாது. இடத்தைக் குறித்துக்கொண்டு விலகி, கடலோரக் காவல்படையை 1554-லும், கடலோரப் பாதுகாப்புக் காவல் குழுமத்தை 1093-லும் அழைக்கலாம்.